மெழுகுக்கு அடியில் ஒரு மூக்கு

திரி சாய்ந்தது. ஷரஃபுதீனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

அடுப்பங்கரையில் அவர் மனைவி ஜஹீதா குந்தியிருந்தாள். முன்னால் ஒரு சிகரெட் டப்பா, பட்டாளத்துக்காரர்கள் ஊதிவிட்டு எறிந்த வட்டத் தகர டப்பா. அதன் அடியில் புளியங்கொட்டைப் பசையைத் தடவி, திரியை ஒட்டி, காய்ந்துவிட்டதா என்று இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உருக்கிய மெழுகை ஊற்றினாள். சூடு பட்டதுதான் தாமதம், பசை விட்டுக்கொண்டது. திரி மெல்ல மிதந்து மேலே வந்து, குடித்தவன் சுவரைத் தேடிப் போகிற மாதிரி டப்பாவின் ஓரத்தில் போய்ச் சாய்ந்தது. அவள் ஈர்க்குச்சியால் நிமிர்த்தினாள். மறுபடியும் சாய்ந்தது. "முசீபத்து" என்று முனகிக்கொண்டு நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

முன்கட்டுப் பட்டறையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த ஷரஃபுதீன் கதவிடுக்கு வழியாக இத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தார். தகரக்காரனுக்குத் தெரியாத வித்தையா இது? தகட்டை வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு சின்னக் குழலை வைத்துத் திரியை அதில் சொருகி, டப்பாவின் அடியில் இறுக்கிவிட்டால் போயிற்று. பூமியே ஆடினாலும் திரி ஆடாது. சுடர் அடிவரைக்கும் போய் டப்பா பழுக்கக் காய்கிற பயமும் இல்லை. ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் செய்து கொடுத்துவிடுவார். அதெல்லாம் அவள் வந்து கேட்டால். கேட்கட்டுமே!

அவர் வயிற்றெரிச்சலுக்கும் ஒரு நியாயம் இருந்தது. போன வருஷம் வரை கச்சேரி ரோட்டில் 'விளக்கு பாய் கடை எது' என்று கேட்டால் கண் தெரியாதவன்கூடக் கை காட்டுவான். இதே சிகரெட் டப்பாக்களைக் கூடையோடு வாங்கி, வாய்க்குள் இறுகப் பொருந்துகிற மூடி போட்டு, மூடியின் நடுவே திரிக்கு ஒரு குழல் வைத்துத் தகர விளக்கு செய்வார். அந்தக் குழலுக்கு அவர் பட்டறையில் மூக்கு என்று பெயர். மூக்கும் முழியுமாக ஒரு விளக்கு அவர் கையிலிருந்து இறங்கினால் எண்ணெய் கசியாது, கரி கக்காது. உலகச் சண்டை வந்தாலும் வந்தது, கிருஷ்ணாயிலுக்குப் பங்கீடு வந்துவிட்டது. எண்ணெயே இல்லாத ஊரில் விளக்கு எவனுக்கு வேண்டும்? செய்து வைத்ததெல்லாம் பரண்மேல் வரிசை வரிசையாகத் தூசி குடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சாந்தோம் மாதா கோயிலைக் கூட்டுகிற தாயம்மா, கோயிலில் சொட்டிக் கிடந்த மெழுகைச் சுரண்டி ஒரு மூட்டை கொண்டுவந்தாள். "உங்கூட்ல டப்பா கீது, எங்கிட்ட மெழுகு கீது. ஊத்திப் பாரேன் ஜஹீதாம்மா" என்றாள். ஜஹீதா ஊற்றிப் பார்த்தாள். தெருவே வாங்கிக்கொண்டு போயிற்று. டப்பா யாருடையது? ஷரஃபுதீனுடையது. திரி? அவர் பெட்டியிலிருந்து எடுத்த திரி. பெயர் மட்டும் ஜஹீதா மெழுகுவத்தி! முதல் நாள் திரி சாய்ந்தபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். "திரியே நிக்கல, யாவாரம் நிக்கப்போவுதா புள்ள?" என்றார். ஜஹீதா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து மெழுகைப் பற்றி அவள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சாய்ந்த திரி ஓரமாகவே எரிந்து, ஒரு பக்கம் டப்பா கொதிக்க, மறுபக்கம் மெழுகு அப்படியே நின்றது. ஆட்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மாடவீதிப் பக்கத்து ஜலஜா டீச்சர், "பாதி பரீட்சைப் பேப்பர்ல அணைஞ்சே போயிடுத்து" என்று டப்பாவைக் கொண்டுவந்து வைத்த அன்று ஷரஃபுதீன் இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டார். சொல்ல வெட்கம்தான், ஆனால் சாப்பிட்டார். ஜஹீதா சரியாகவே சாப்பிடவில்லை. அதையும் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டார்.

பிறகு புகார் நின்றுபோயிற்று. எப்படி நின்றது என்று அவருக்கு விளங்கவில்லை. அடுப்பங்கரைக் கதவு இப்போதெல்லாம் உள்ளே தாழிட்டுக் கிடந்தது. வாங்குகிற கூட்டம் மட்டும் பெருகியது. டப்பா கிடைப்பது அருமையாகிவிட்டதால், எரிந்து முடிந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குவது வழக்கமாயிற்று. அப்படித்தான் ஒரு நாள் காலையில் ஜலஜா டீச்சர் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"மெழுகுவத்தி பண்றாளே ஜஹீதா, அவா ஆத்துக்காரர் நீங்கதானே? இந்த டப்பாவை அவாகிட்ட சேர்த்துடுங்கோ. ஒரு சொட்டு மிச்சமில்லாம எரிஞ்சுதுன்னு சொல்லுங்கோ. திரி கொடிமரமாட்டம் நின்னுண்டிருந்தது."

விளக்கு பாய் போய், அவா ஆத்துக்காரர் ஆகியாயிற்று! டப்பாவை வாங்கினார். டீச்சர் தெரு திரும்பியதும் வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே பார்த்தார். அடியில் கரி பிடித்த ஒரு வட்டத் தகடு. நடுவே நகத்தளவுக்கு ஒரு குழல், அதில் கருகிய திரியின் துண்டு. அவர் மனசுக்குள் மறைத்து வைத்திருந்த அதே வித்தை.

உளியால் நெம்பி எடுத்தார். ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கை சுத்தமான வேலை. ஒரு பிசிறு இல்லை, மடிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. எவனோ ஒரு தகரக்காரன் இவளுக்குச் செய்து கொடுக்கிறான். இந்த ஊரில் இவ்வளவு சுத்தமாக மடிக்கத் தெரிந்தவன் தன்னைவிட்டால் இன்னொருத்தன்தான். மாம்பலத்து இனாயத்.

இனாயத்தும் அவரும் ஒரே உஸ்தாதிடம் தொழில் கற்றவர்கள். அது பரவாயில்லை. ஜஹீதாவை முதலில் பெண் கேட்டு வந்ததே இனாயத் வீட்டார்தான். அதுதான் பரவாயில்லாமல் போயிற்று. கட்டி இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை, அவளும் எடுத்ததில்லை. புதைத்த இடத்தில் புல் முளைத்துவிட்டது என்று நினைத்திருந்தார். இப்போது தகட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பட்டறையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார். லஸ், ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை என்று அந்த வெயிலில் நடந்தே போனார். வழியெல்லாம் மனசு ஓயாமல் படம் போட்டது. இவள் கேட்கிறாள், அவன் தலையாட்டுகிறான், தாயம்மா முந்தானையில் முடிந்து தகடுகளைக் கொண்டுவருகிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? அவனிடம் கேட்க வாய் வந்ததா?

இனாயத் கடையில் வாளிகள் அடுக்கடுக்காக நின்றன. குண்டு விழுந்தால் தீயணைக்க மணல் வைக்கிற சிவப்பு வாளிகள், சர்க்கார் வேலை. அதைப் பார்த்ததும் ஷரஃபுதீனுக்கு இன்னும் எரிந்தது.

"வாங்க பாய், வாங்க! இன்னா அதிசயம், மயிலாப்பூர் காத்து இந்தப் பக்கம் வீசுது? வூட்ல எல்லாம் சொகமா?"

வீட்டில் என்றால் யாரை விசாரிக்கிறான்? தகட்டை எடுத்து அவன் முன்னால் போட்டார். "இது யார் கை? சொல்லு."

இனாயத் எடுத்தான். வேட்டி நுனியால் கரியைத் துடைத்தான். திருப்பினான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். கிண்டல் செய்கிறாரா என்று அவனுக்குப் புரியவில்லை.

"இன்னா பாய், பரீட்சை வெக்கிறீங்களா? உங்க கைதான். மூக்க யாரோ கத்திரியால மொட்டையடிச்சிக்கீறாங்க, அவ்ளோதான். ஓரத்தப் பாருங்க, இடப்பக்கமா மடிஞ்சிக்கீது. பீச்சாங்கை மடிப்பு இந்த ஊர்ல வேற யாருக்கு வரும்? சோத்தாங்கையால மடிடா, மடிடான்னு உஸ்தாத் உங்க முதுகுல போடுவாரே, மறந்து போச்சா?"

ஷரஃபுதீன் தகட்டை வாங்கிப் பார்த்தார். ஆமாம். தன் மடிப்பு. தன் மூடி. நீளமாகப் பளபளவென்று விளக்கின் தலையில் இருக்கவேண்டியது, மூக்கறுபட்டுக் கரியோடு அடியில் கிடந்ததால் பெற்றவனுக்கே பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. தன் வேலையைப் பார்த்தே பொறாமைப்பட்டு, தேனாம்பேட்டை வெயிலில் வெந்துகொண்டு வந்திருக்கிறார்! "டீ சொல்றேன், குந்துங்க பாய்" என்று இனாயத் சொல்லிக்கொண்டிருக்கும்போதே படியிறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஏணியை வைத்துப் பரண்மேல் ஏறினார். முன்வரிசை விளக்குகள் மூக்கும் மூடியுமாக மினுமினுத்தன. அவற்றுக்குப் பின்னால் கையை விட்டார். வெறும் டப்பா. அடுத்ததும் வெறும் டப்பா. முன்வரிசை தவிர அத்தனையும் தலையில்லா முண்டமாக நின்றன. பட்டறையில் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

கீழே ஜஹீதா வந்து நின்றாள். ஓடவும் இல்லை, மழுப்பவும் இல்லை.

"எத்தினி நாளா புள்ள?"

"நீங்க சிரிச்சு ஒரு வாரம் பசையோட மாரடிச்சேன். அப்பால இதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா செஞ்சு குடுத்திருக்க மாட்டனா?"

ஜஹீதா அண்ணாந்து அவரையே பார்த்தாள். "கதவிடுக்குல நீங்க குந்திக்கினு பார்த்தது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? எப்படி நிக்க வெக்கிறதுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பார்த்துக்கினு இருந்தீங்க."

ஏணியின் நடுப்படியில் நின்றவருக்கு ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. வாய்வரைக்கும் வந்த கோபம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. "முன்வரிசய மட்டும் ஏன் உட்டு வெச்ச?" என்றார்.

"கடைக்கு வர்றவங்க அண்ணாந்து பார்ப்பாங்கல்ல. விளக்கு பாய்கிட்ட சரக்கு கீதுன்னு நெனைக்கட்டுமேன்னுதான்." ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கோட பின்னாடி இருந்த மூக்கெல்லாம் தீந்துபோச்சு. எரிஞ்சு திரும்பி வர்றது கரியடைச்சு மறுபடி ஆவறதில்ல. முன்வரிசயில நான் கைவெக்க மாட்டேன். யாவாரம் நின்னா நிக்கட்டும்." திரும்பி நடந்தவள், கதவருகே நின்று கேட்டாள்: "ஆமா, பட்டறைய தொறந்து போட்டுட்டு எங்க போனீங்க?"

"லஸ்ஸுக்கு" என்றார் ஷரஃபுதீன். சட்டைப்பையில் தகடு விலாவில் குத்தியது.

மறுநாள் காலையில் அடுப்பங்கரைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அடுப்பு எரியவில்லை. ஜஹீதா காலி டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படிச் சும்மா உட்கார்ந்து அவர் பார்த்ததேயில்லை. பார்த்தால் மனசு குளிரவேண்டியதுதானே? குளிரவில்லை. ஆனால் வெந்துகொண்டிருந்தது ஆறிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. தானே மூக்கு செய்து கொடுத்தாலும் அது ஜஹீதா மெழுகென்றுதான் விற்கப்போகிறது. டீச்சர் நாளைக்கும் அவா ஆத்துக்காரர் என்றுதான் கூப்பிடப்போகிறாள்.

பட்டறைக்குப் போய்க் கத்திரியை எடுத்தார். தகட்டை வட்டமாக வெட்டினார், பீச்சாங்கையால் ஓரத்தை மடித்தார், கட்டையான ஒரு மூக்கை வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். எல்லாம் முடிந்த பிறகும் கீழே வைக்க மனசு வரவில்லை. இத்தனை காலத்தில் எந்த விளக்கிலும் அவர் அடையாளம் போட்டதில்லை. விளக்கு பாய் விளக்குக்கு அடையாளம் எதற்கு? இப்போது ஆணியை எடுத்து, மூக்கை ஒட்டி, புள்ளி புள்ளியாக 'ஷ' என்று தட்டினார்.

டப்பாவில் இறுக்கிக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தார். ஜஹீதா எடுத்து உள்ளே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியும். உதட்டோரம் என்னவோ அசைந்தது, சிரிப்பா வேறெதுவுமா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுப்பை மூட்டினாள்.

மெழுகு உருகியதும் துணியால் சட்டியைப் பிடித்து மெதுவாக ஊற்றினாள். தண்ணீர் மாதிரி தெளிவாக இறங்கியது. திரி அசையவில்லை. அடியில் புள்ளிகள் முன்னைவிடப் பெரிசாகத் தெரிந்தன. பிறகு டப்பாவின் ஓரத்திலிருந்து வெள்ளை படர ஆரம்பித்தது. முகத்தில் சூடு அடிக்க அடிக்க ஷரஃபுதீன் குனிந்து, தன் எழுத்து ஒவ்வொரு புள்ளியாக மங்கி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் புள்ளியும் மறைந்த பிறகு, வெள்ளையின் நடுவில் திரி மட்டும் நேராக நின்றது.