சிபாவின் ஐந்தாம் மண்டபம்

ஜப்பானுக்குப் போகும் பேச்சு தொடங்கிய நாள்முதல் குணாளனின் பட்டறையில் வேலையைவிடப் பேச்சே மிகுந்துபோயிற்று. மலாய் நாட்டில் லிங்கிக்குப் போகும் சாலையோரம், செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில், தகரக் கூரையிட்ட பட்டறை அது. அதன் சுவரில் அவன் பெரியதொரு வரைபடத்தை ஒட்டியிருந்தான். சிபா நகரத்தில் சனவரிதோறும் கூடும் கார்க் கண்காட்சியின் வரைபடம். எந்த மண்டபத்தில் எந்த வண்டி நிற்கும், எந்த வாயிலில் கூட்டம் குறைவு, மழை வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்கலாம் என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். பழைய டட்சன் கார்கள் ஐந்தாம் மண்டபத்தில், இடப்பக்க வாயிலுக்குப் பின்னால். அவனுடைய வண்டியும் பழைய டட்சன்தான். அதன் அண்ணன் தம்பிகளை ஒருமுறையாவது பிறந்த ஊரில் பார்த்துவிடவேண்டும் என்பது பதினெட்டு வயதில் பிடித்த ஆசை. இப்போது அவனுக்கு முப்பத்தைந்து வயது.

உடன் போகவிருந்த கூட்டாளிகள் இருவர். லோபாக்கில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஹபீப் ஒருவர். வயதில் மூத்தவர், ஆகையால் நானா. மற்றவன் சுகுமாறன், காப்புறுதி நிறுவனத்தில் அதிகாரி. குணாளனோடு ஒரே தோட்டப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இருவருடைய கார்களுக்கும் உயிர் கொடுத்தவன் குணாளன். ஜப்பானில் ஓடி ஓய்ந்த கார்களைப் பாதியாக அறுத்து, முன்பாதியை மட்டும் கப்பலேற்றி அனுப்புவார்கள். 'ஹாப் கட்' என்பது அதற்குப் பெயர். அந்தப் பாதியிலிருந்து எஞ்சினையும், வேகமானி பதித்த முன்பலகையையும் கழற்றி இங்குள்ள வண்டியில் பொருத்துவது அவன் தொழில்.

சுகுமாறனின் காரில் அப்படி வந்த முன்பலகைக்குள் ஒரு ஜப்பானியப் பெண்ணின் குரலும் வந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் ஏதோ இனிமையாகச் சொல்லுவாள்.

"என்னாடா சொல்றா இவ? குட் மார்னிங்கா?" என்று சுகுமாறன் ஒருநாள் கேட்டான்.

"கார்டு சொருகலன்னு சொல்றா. அங்க டோலுக்குக் கார்டு உண்டுல்ல."

"அலாமா! வீட்டுல ஒருத்தி திட்டுறது பத்தாதுன்னு கார்ல ஒருத்தியா?"

ஹபீப் நானா தொந்தி குலுங்கச் சிரித்தார். "இவன் ஜப்பான்காரனாவே பொறந்திருக்கணும் லா. நாம இவன் சட்டையப் பிடிச்சிக்கிட்டே போயிட்டு வந்துடலாம்."

குணாளனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டான். ஏனெனில் அதிலிருந்த அடையாள அட்டை சிவப்பு நிறமுடையது.

இந்த நாட்டில் நீல அட்டை குடிமகனுக்கு உரியது. சிவப்பு அட்டை, 'இங்கே இருந்துகொள், ஆனால் எங்களவன் அல்லன்' என்று சொல்லும். குணாளன் இதே தோட்டத்தில் பிறந்தான். இதே நாட்டின் வாழ்த்துப் பாடலைக் காலைதோறும் வெயிலில் நின்று பாடினான். இந்நாட்டுக்கு வரி செலுத்துகிறான். தகப்பன் சன்னாசி நீல அட்டைக்காரர். தாய் தாயம்மாவின் பிறப்பைத் தோட்டத்தில் எவரும் பதியவில்லை. மகன் பிறந்தபோது அவளிடம் எந்த அட்டையும் இல்லை. சன்னாசி அவளுக்கு அம்மன் கோவிலில் தாலி கட்டினார், ஊரே சாட்சி என்று இருந்துவிட்டார், திருமணத்தைப் பதியவேயில்லை. பதியாத திருமணத்தின் பிள்ளைக்குத் தாயின் நிலைதான் சேரும், தகப்பனின் நிலை சேராது என்கிறது சட்டம். குற்றம் எவருடையதாயினும் தண்டனை பிள்ளைக்கு. இதை நியாயம் என்று சொல்லுகிறவர்களின் நாக்கு எதனால் செய்யப்பட்டதோ!

அவன் மூன்றுமுறை குடியுரிமைக்கு விண்ணப்பித்தான். மூன்றுமுறையும் இல்லை என்றார்கள். ஏன் என்று ஒருமுறையும் சொல்லவில்லை. நான்காவது விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. அது கைகூடும் என்ற நம்பிக்கையில்தான் வரைபடத்தை ஒட்டினான். வெளிநாடு போகக் குடிமக்களுக்கே கிடைக்கும் கடப்பிதழ் எங்கே என்று கூட்டாளிகள் கேட்கும்போதெல்லாம், "அடுத்த வாரம் எடுத்துடுறேன்" என்பான். அவர்களுக்கு அட்டையின் நிறம் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்ள அவன் பட்ட பாடு கொஞ்சமன்று. சென்ற தேர்தலன்று இருவரையும் வாக்குச் சாவடிக்கு அவனே காரில் ஏற்றிச் சென்றான். வண்டி நிறுத்த இடம் தேடுவதாகப் போனவன், சுட்டுவிரலில் பட்டறை மார்க்கரைத் தடவிக்கொண்டு திரும்பினான். மூவரும் விரலை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பயணச்சீட்டு எடுக்கவேண்டிய வாரத்தில் பதில் வந்தது. இந்தமுறையும் இல்லை. சனிக்கிழமை நானாவின் கடையில் தேநீர் குடிக்கும்போது சொல்லிவிடுவது என்று அவன் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டான்.

கூட்டாளிகள் சனிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. வியாழக்கிழமை காலை இருவரும் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள்.

"ஏறு," என்றான் சுகுமாறன்.

"எங்கடா? கையெல்லாம் எண்ணெய்."

"எண்ணெய்க் கையோட ஏறு லா. உன் சோம்பேறித்தனத்துக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டோம்."

வண்டிக்குள் ஜப்பானியப் பெண் வழக்கம்போல் ஏதோ சொன்னாள். சிரம்பானில் கடப்பிதழ் வழங்கும் குடிநுழைவு அலுவலகத்தின் முன் வண்டி நின்றபிறகுதான் குணாளனுக்கு விளங்கிற்று. ஓடியிருக்கலாம். கழிவறைக்குப் போவதாகச் சொல்லி மறைந்திருக்கலாம். ஆனால் எத்தனை ஆண்டுகள் விரலில் மை பூசிக்கொண்டு திரிவது? களைப்பு ஒரு பக்கம்; யார் கண்டது, யாரேனும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டால் என்கிற அற்ப ஆசை மறுபக்கம். ஹபீப் நானா அவன் தோளில் கைபோட்டுக் கல்யாண மாப்பிள்ளையைப்போல் உள்ளே அழைத்துப் போனார்.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண் அட்டையை வாங்கினாள், பார்த்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அபாங், இனி ஐசி மேரா. தா போலே."

அண்ணா, இது சிவப்பு அட்டை, முடியாது என்றாள் மலாயில். அவள் நல்லவள், பிறர் காதில் விழாதபடிதான் சொன்னாள். ஆனால் சுகுமாறன் அவன் தோளுக்குப் பின்னாலேயே நின்றான்.

"என்னா மேரா? காட்டு. தப்பா பாத்திருப்பாங்க." அட்டையைப் பறித்துப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த விளையாட்டு மெல்ல வடிந்தது. "டேய்... நீ ஓட்டுப் போட்டியேடா. வெரல்ல மை இருந்துச்சே."

"அது பட்டறை மார்க்கரு."

வெளியே வந்ததும் ஹபீப் நானா கேட்டார்: "ஏன் தம்பி எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா என்னா நானா செஞ்சிருப்பீங்க?"

ஒன்றும் செய்யமுடியாதவர்கள் செய்வதையே அவரும் செய்தார், சத்தியம் செய்தார். "அல்லா மேல ஆணை, நீ இல்லாம நாங்க போமாட்டோம். மூணு பேரும் ஒண்ணாதான் போறோம், எப்பப் போனாலும்."

"ஆமாடா," என்றான் சுகுமாறன். "நீ இல்லாத ஜப்பான் என்னாடா ஜப்பான்?"

அந்தச் சொல்லின் ஈரம் அடுத்த மாதமே காய்ந்தது. சுகுமாறன் பட்டறைக்கு வந்து, வண்டியில் இல்லாத கோளாறு ஒன்றைப் பற்றி வெகுநேரம் பேசினான். பிறகு, "லீவு அப்ரூவ் ஆயிடுச்சுடா. திருப்பிக் குடுத்தா மேனேஜர் மொகம் சுளிப்பாரு," என்றான். "நானாவும் தங்கச்சிக்காரியக் கடைக்கு ஏற்பாடு பண்ணிட்டாராம்."

"போயிட்டு வாங்க."

"கோவமா?"

"கோவப்பட எனக்கு எந்தக் கார்டுல எடம் குடுத்திருக்காங்க?"

அன்று மாலை வீட்டில் சன்னாசியிடம் அவன் குரல் உயர்ந்தது. தகப்பனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன், அன்று பேசினான்.

"ஒரு நாள் ஆபிசுக்குப் போயிப் பதிஞ்சிருந்தா என்னாப்பா?"

"அம்மன் சன்னதியில தாலி கட்டினவன்டா நானு. வேலை வாங்குற மண்டோரு, கணக்கு எழுதுற கிராணி, தோட்டத்துச் சனம் பூரா பாத்துச்சு. அதுக்கு மேல என்னா சாட்சி?" சன்னாசி இன்றும் அதை நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னார்.

"பாத்தவங்க பாதிப் பேரு செத்துட்டாங்க. மீதிப் பேரச் சர்க்காரு கேக்காது. அம்மன் வந்து கையெழுத்துப் போடுமா?"

அடுப்படியிலிருந்த தாயம்மா, "என்னைய ஏன்டா பெத்தான்னு எங்கப்பனப் போயிக் கேளு," என்றாள்.

சனவரியில் குணாளன்தான் இருவரையும் விமான நிலையத்துக்கு ஏற்றிச் சென்றான். பெட்டிகளை இறக்கிக் கொடுத்தான். கடப்பிதழைக் காட்டும் வாயில்வரை உடன் நடந்தான். சுகுமாறன் கட்டிப்பிடித்துக்கொண்டான், ஹபீப் நானா தம் கார்ச் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து, "நான் வர்றதுக்குள்ள கியர்பாக்ஸ் சத்தத்தப் பாத்து வச்சிடு தம்பி," என்றார். அன்பும் வேலையும் ஒரே மூச்சில் வந்தன.

அழைப்பு வந்தபோது அவன் நானாவின் காருக்கு அடியில் படுத்திருந்தான். தொலைபேசியின் திரையில் இரண்டு முகங்கள். பின்னால் வெள்ளை வெளிச்சமும் கூட்டமும்.

"குணா! பைத்தியம் புடிக்குதுடா இங்க! எந்தப் பக்கம் திரும்பினாலும் காருதான். இந்தப் பழைய டட்சன் எல்லாம் எந்த ஹாலு? சுத்திச் சுத்திக் காலு போச்சு," என்றான் சுகுமாறன்.

குணாளன் எழுந்து நின்றான். எதிரே சுவரில் வரைபடம் இருந்தது. இடப்பக்க வாயில், அதன் பின்னால் ஐந்தாம் மண்டபம், அதைச் சுற்றி அவனே சிவப்பு மையால் இட்ட வட்டம்.

"தெரியலையே," என்றான்.

"என்னாடா தெரியல? தூக்கத்துல கேட்டாக்கூட சொல்லுவியே! செவுத்துல ஒட்டி வச்சிருக்கியே, அதப் பாத்துச் சொல்லு லா."

"அதக் கிழிச்சிட்டேன்."

பிறகு சுகுமாறன், "சரி சரி, நாங்களே தேடிக்கிறோம். உனக்கு என்னா வாங்கிட்டு வர?" என்று கேட்டான். விடைக்கு முன்பே யாரோ அவனை இடித்துக்கொண்டு போக, திரை ஆடி, முகங்கள் மறைந்து, அழைப்பு அறுந்தது.

குணாளன் தொலைபேசியைக் கருவிப்பெட்டியின்மேல் வைத்தான். விரல் மைக்குப்பின் இன்னொரு பொய்யைச் சுமக்க அவனுக்குத் தெம்பில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு ஏறினான். வரைபடத்தை நான்கு மூலைகளிலும் நகத்தைக் கொடுத்துப் பிய்த்தான். ஐந்தாம் மண்டபம் மட்டும் வராமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது, அதையும் சுரண்டினான். இறங்கிவந்து, கியர்பாக்ஸ் எண்ணெய் தேங்கிக் கிடந்த இடத்தில் தாள்களைப் பரப்பினான். அவற்றின்மேல் முதுகைச் சாய்த்து, நானாவின் காருக்கு அடியில் மறுபடியும் நுழைந்தான்.