பச்சைப் புள்ளி

சர்க்கரை டப்பாவைத் தேடித்தான் கெர்ரி துணி துவைக்கும் அறையின் அலமாரியைத் திறந்தாள். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் கூடத்தில் தேநீருக்குக் காத்திருந்தார்கள். சலவைத்தூள் பெட்டிக்குப் பின்னால் உள்ளங்கை அளவு வெள்ளைக் கருவி ஒன்று, ஒயர் செருகியபடி, விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. காற்றில் எவ்வளவு புகை என்று அளக்கும் கருவி. ஈஸ்டருக்கு வந்தபோது ஏணி போட்டு வெளி வராந்தாவில் அவளே மாட்டிவிட்டுப் போனது.

டாஸ்மேனியாவின் இந்தப் பள்ளத்தாக்கில் குளிர்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு விறகுதான் எரியும். காற்று அசையாத காலைகளில் புகை கூரைக்கு மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக் கிடக்கும். அப்பா லெஸ்ஸின் நுரையீரல் அதைத் தாங்காது. அதனால் பிரிஸ்பேனில் கண் விழித்ததும் கெர்ரி முதலில் பார்ப்பது கைபேசியில் காற்று வரைபடத்தைத்தான். அதில் இந்த ஊருக்கு இருந்த ஒரே புள்ளி, அந்தக் கருவி மாட்டிய அப்பாவின் வீடு. சிவப்பென்றால் அவர் வெளியே தலை காட்டக் கூடாது. பச்சையென்றால் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு ஒரு நடை போய் வரலாம்.

திங்கட்கிழமையும் பச்சைதான்.

"தாராளமா போயிட்டு வாப்பா."

"உத்தரவு மேடம்," என்று அப்பா ஃபோனில் சிரித்தார். அப்புறம் அவள் வீட்டு மாமரத்தை நாசம் செய்யும் வௌவால்களைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். அன்றைக்குத்தான் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார்.

"சர்க்கரை கிடைச்சுதா?" என்று பக்கத்து வீட்டு நோரீன் வந்தாள். கெர்ரியின் கையில் இருந்ததைப் பார்த்ததும் ஸ்கோன் ரொட்டித் தட்டை வாஷிங் மெஷின் மேல் வைத்துவிட்டாள்.

"இதை யாரு உள்ள கொண்டாந்து வெச்சது? உங்க வீட்டுப் புகை தெரியக் கூடாதுன்னு நீங்களா?" என்றாள் கெர்ரி.

"ஏணி ஏறுற வயசா எனக்கு? உங்க அப்பாதான். குளிர் ஆரம்பிச்சப்பவே. நான் திட்டுனேன். உன்னை உசுரோட வெச்சுக்கத்தானேய்யா அந்தப் பொண்ணு மாட்டிட்டுப் போனான்னு."

"அப்புறம் ஏன்?"

நோரீன் அங்கே கிடந்த கைத்துண்டை எடுத்து மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"சிவப்பா இருந்தா, ஜன்னலைச் சாத்து, மருந்தை இழுத்தியா, வெளிய போகாதே, அவ்வளவுதானாம். ஃபோனை வெச்சிடுவியாம். பச்சையா இருந்தாத்தான் மத்த கதையெல்லாம் பேசுவியாம்."

கெர்ரி கருவியின் விளக்கைக் கட்டைவிரலால் மூடினாள்.

"அன்னிக்கு வெளிய புகை இருந்துதா?"

"வேலியே தெரியல, கண்ணு."

"தெரிஞ்சுமா போனாரு?"

"நீதானே போகச் சொன்னே. போனியான்னு மறுநாள் கேப்பியே. வாயால பொய் சொல்ல அவருக்கு வராது."

கல்லறையில் வராத அழுகை அந்தச் சலவைத்தூள் வாசனையில் வந்தது. சத்தம் கூடத்துக்குக் கேட்கக் கூடாதென்று துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். நோரீன் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு சர்க்கரையைத் தானே தேடி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

முகத்தைக் கழுவிவிட்டு கெர்ரி ஏணியை எடுத்தாள். கருவி பழைய திருகாணியிலேயே சரியாக உட்கார்ந்தது. வெயில் இறங்கியிருந்தது. ஒவ்வொரு புகைபோக்கியிலிருந்தும் புகை எழும்பத் தொடங்கியது. வராந்தாப் படியில் உட்கார்ந்து வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். அப்பாவின் வீடு கொஞ்ச நேரம் பச்சையாகவே இருந்தது. பிறகு மஞ்சளானது. பிறகு சிவப்பு.

சிவப்பைப் பார்த்ததும் அவரைக் கூப்பிடுவது விரலுக்குப் பழக்கம்.

உள்ளே சமையலறையில், ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில், அப்பாவின் ஃபோன் அடித்தது. கூடத்தில் பேச்சு நின்றது. யாரும் எடுக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.