கலைமகளுக்கு ஓர் ஊசி

அண்ணன் பாலகிருஷ்ணன் கோவிட் ஊசி போட்டுக்கொண்ட ஒன்பதாம் நாள் இறந்துபோனார். ஊசிக்கு முன்பே அவருக்குக் கோவிட் தொற்றியிருக்கும் என்று டாக்டர்கள் சொன்னது தம்பி திருச்செல்வத்தின் காதில் ஏறவில்லை. ஊசி போடாவிட்டால் லோரி ஓட்டும் வேலை போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு தான் மட்டும் போட்டுக்கொண்டான்.

2022 மார்ச்சில், அவனுடைய எட்டு வயது மகள் கலைமகளுக்கு ஊசி போட அழைப்பு வந்தது. அவன் மனைவி மோகனாவுக்கும் பயம்தான். இரண்டு வாரம் யோசித்தாள். பிறகு பெம்பான் டவுனிலிருந்த கிளினிக்குக்குப் போய் டாக்டரம்மாவிடமே கேட்டாள்.

"காய்ச்சல் வரலாம், கை வலிக்கும். இதயத்துல வீக்கம் வந்த பிள்ளைங்களும் இருக்காங்க, ஆனா ரொம்ப ரொம்பக் கொஞ்சம். உங்க மகளுக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு இருக்கு. கோவிட் வந்தா தாங்குவாளான்னு அதையும் யோசிங்க."

மோகனா முடிவு செய்துவிட்டாள். அன்று சாயங்காலம் திருச்செல்வம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"நாளைக்குப் பாப்பாவுக்கு ஊசி போடக் கூட்டிட்டுப் போறேங்க."

தட்டு பறந்து சுவரில் மோதியது.

"என் அண்ணன கொன்னது பத்தாதா? பிள்ளையையும் கொல்லப் போறியா?"

"அவரு செத்தது கோவிட்ல. ஊசியால இல்ல."

அறைந்தான். அலமாரி விளிம்பில் மோதி அவள் உதடு கிழிந்தது. கூந்தலைப் பிடித்து இழுத்தான். பத்து வருடத்தில் முதல் முறையாக மோகனா திருப்பித் தாக்கினாள். அவன் மணிக்கட்டைப் பற்கள் பதியக் கடித்தாள். வலியில் கத்தியவன், வாசலோரம் கிடந்த ஹெல்மெட்டை எடுத்து ஓங்கினான்.

"அப்பா, வேணாம்பா!"

கலைமகள் நடுவில் ஓடி வந்து வலது கையை உயர்த்தினாள். ஓங்கிய ஹெல்மெட் அந்தக் கையில் இறங்கியது. சிறுமி உடனே அழவில்லை. முழங்கைக்குக் கீழே வளைந்து தொங்கிய தன் கையை வியப்போடு பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அலறினாள்.

ஆஸ்பத்திரிக்கு அவனே காரை ஓட்டினான். "பாப்பா பாத்ரூம்ல விழுந்துட்டான்னு சொல்லுலா, மோகனா" என்று வழியெல்லாம் கெஞ்சினான். அவள் மகளின் கையைத் தாங்கிப் பிடித்தபடியே வந்தாள்.

டாக்டரிடம் அவன் அப்படியே சொன்னான். டாக்டர் மோகனாவின் உதட்டைப் பார்த்தார். கலைமகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இவருதான் ஹெல்மெட்டால அடிச்சாரு" என்றாள் மோகனா. "என்னை அடிக்க ஓங்குனது. பிள்ளை மேல பட்டுச்சு."

திருச்செல்வம் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "என் பிள்ளைய காப்பாத்தத்தானே..."

"நீங்க காப்பாத்துனது போதும்லா."

போலீஸ் வந்து அவனை அழைத்துப் போனது. சில நாள் கழித்து ஜாமீனில் விட்டது.

புக்கிட் காத்திலில் மோகனாவின் தங்கை ராகினியின் வீட்டுக்குத் தாயும் மகளும் குடிவந்தார்கள். மாவுக்கட்டு பிரிக்கும் முன்பே, மோகனா மகளின் இடது கையில் ஊசி போட வைத்தாள். அன்று மாலை காய்ச்சல் அடித்தது. பயத்தில் மோகனா மகளின் நெஞ்சின் மேலேயே கை வைத்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள் மத்தியானம் காய்ச்சல் விட்டது. கலைமகள் எழுந்து மீ கோரெங் நூடுல்ஸ் கேட்டாள்.

சாப்பிடும்போது, "எனக்கு ஒன்னும் ஆகலன்னு அப்பாகிட்ட சொல்லுங்கம்மா. பயந்துக்கிட்டு இருப்பாரு" என்றாள்.

மோகனா போனை எடுத்தாள். எண்களின் பட்டியலில் அவன் பெயர் வரைக்கும் போனாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.