கஹ்ரமானின் மூச்சு

என் பாம்பு என் கையால் சாப்பிட மறுத்து, என் ஓரகத்தி கையால் சாப்பிட்டது. இதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன அவமானம் வேண்டும், சொல்லுங்கள்.

கஹ்ரமானை வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேர்ந்தெடுத்தது நான். உள்ளங்கையில் சுருண்டு கிடந்த குட்டியை வளர்த்து ஆளாக்கியதும் நான். அதன் தோல் தஸ்பீஹ் ஜெபமாலை மணியின் அம்பர் நிறத்தில் மின்னும்; அரபியில் கஹ்ரமான் என்றால் அம்பர், பெயரும் அதனால்தான் வந்தது. வியாழக்கிழமை எங்கள் வீட்டில் பெண்கள் கூடும்போது அந்த மலைப்பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்குள் நுழைவேன். பாதிப் பேர் அலறுவார்கள், மீதிப் பேர் போட்டோ எடுப்பார்கள். குவைத்தில் எத்தனை பெரிய மருமகள்களுக்கு இந்தக் கொடுப்பினை உண்டு?

அப்புறம் லுல்வா வந்தாள். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு, பின்முற்றத்துத் தனி வீட்டில் குடியேறினாள். கஹ்ரமான் எதையும் தொடாமல் பட்டினி கிடந்த சமயம் அது. "நான் ஒரு தடவ குடுத்துப் பாக்கட்டுமா, உம் நாசிர்?" என்று நாசிரின் அம்மாவான என்னைக் கேட்டாள். இடுக்கியில் எலியைப் பிடித்து நீட்டினாள். சட்டென்று கவ்வியது. கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

"எவ்ளோ அழகு!" என்றாள் லுல்வா. கண் படாமல் இருக்கக் கூட ஒரு மாஷா அல்லாஹ் சேர்த்தாளா? இல்லை. எனக்கு அப்போதே பகீரென்றது.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது சும்மாவா? கொஞ்ச நாளிலேயே பாம்பு மூச்சுவிடும்போது மெல்லிய விசில் சத்தம் வந்தது. பிறகு வாயோரத்தில் எச்சில் நூல்போல ஒட்டியது. என் மாமியாரிடம் சொன்னேன்.

"யாரு கண்ணுன்னு உனக்குத் தெரியாதாக்கும்?" என்றார்.

"தெரியும், யம்மா."

"அப்பறம் என்ன? அவ குடிச்ச மிச்சத்த எடு."

கண் வைத்தவள் குடித்த மிச்சத்தைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் கண் கழியும். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வியாழக்கிழமை லுல்வா காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்ததும் பாய்ந்து எடுத்துக்கொண்டேன். அகில் புகை வரும் நேரத்தில் அவள் எப்போதும்போல் எழுந்து போய்விட்டாள். எங்கள் புகை ஆகாதாம் மகாராணிக்கு! காப்பி மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்து, பாம்பின் மேலும் அதன் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் நனைய நனையத் தெளித்தேன். காலையும் மாலையும் தூபக்காலைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பிடித்தேன். பெட்டியையும் கூடத்துக்கே மாற்றியிருந்தேன், ஏசிக்கு நேர் கீழே, வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி. பெட்டிக்குள் இருந்த சூட்டு விளக்கை மாமியார் அணைத்துவிட்டார்.

"வெளியில ஊரே அவிஞ்சு சாகுது, பாம்புக்கு விளக்கு கேக்குதா?"

நியாயமாகத்தான் பட்டது. ஆகஸ்ட் மாதம் யார் அடுப்பு மூட்டிக் குளிர்காய்வார்கள்? கூடத்துக் குளிரில் விருந்தாளிகள் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் புத்தியில் ஏறவில்லை.

அடுத்த வியாழன் கஹ்ரமான் தலையைச் செங்குத்தாக நிமிர்த்தி, வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"பாருங்கடி, வானத்தப் பாத்து துஆ கேக்குது!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் பெருமையாகச் சிரித்துக்கொண்டே தூபக்காலை இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.

முகத்திரையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிளம்பிய லுல்வா வாசலில் நின்றுவிட்டாள். திரும்பி வந்து பெட்டியில் காதை வைத்தாள்.

"துஆவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுக்கு மூச்சு முட்டுது. மொதல்ல அந்தப் புகைய வெளிய கொண்டுபோங்க!"

"நீ வாய மூடு. கண்ணு வச்சதே நீ!"

"நானா?"

"நீதான். என் கையால தின்னாதது உன் கையால தின்னுச்சே, அன்னைக்கே வச்சிட்ட. உன் காப்பி மிச்சத்தக்கூட தெளிச்சுப் பாத்துட்டேன், போகல. அப்பேர்ப்பட்ட கொள்ளிக்கண்ணு!"

லுல்வா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், ஆசைப்பட்டேன். அவள் பையைத் திறந்து நீல நிற இன்ஹேலரை எடுத்தாள். அத்தனை பேர் முன்னாலும் வாயில் வைத்து உறிஞ்சினாள்.

"இந்த விசில் சத்தம் எனக்கு நல்லாத் தெரியும், உம் நாசிர். என் நெஞ்சுக்குள்ளயே கேட்டிருக்கேன். சின்ன வயசுலேருந்து ஆஸ்துமா. புகை பட்டா நானும் இப்படித்தான் தலையத் தூக்கிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

மாமியார் முகம் கறுத்தது. "பொண்ணு பேச வந்தப்ப உங்க வீட்டுல இதச் சொல்லவே இல்லியே?"

"சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்களா, யம்மா?"

கல்யாணம் ஆனதிலிருந்து மூடி வைத்ததை என் பாம்புக்காக ஊரறிய உடைத்துவிட்டாள். அந்தத் தைரியத்தைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவளுடைய காரில்தான் விலங்கு மருத்துவமனைக்குப் போனோம். பாம்புப் பை என் மடியில் இருந்தது, கையை எடுக்கவேயில்லை.

சிரியாக்காரி டாக்டர் ரனீம் கஹ்ரமானின் வாயை மெல்லத் திறந்து காட்டினாள். உள்ளே சளி நுரைத்துக் கிடந்தது.

"குளிருல வச்சிருக்கீங்க, ஈரத்துல வச்சிருக்கீங்க, மேல புகையும் போட்டிருக்கீங்க. நுரையீரல்ல கிருமி ஏறிடுச்சு. பாம்பால நம்மள மாதிரி இருமித் துப்ப முடியாது, உள்ளேயே தேங்கிடும். மொத விசில் கேட்டப்பவே தூக்கிட்டு வந்திருக்கணும்."

"வெயில் காலமாச்சே, டாக்டர்..."

"வெளியில வெயில் அடிக்கிறது அதுக்கு எப்படித் தெரியும்? கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற சூடுதான் அதுக்குக் கணக்கு. ஒரு பக்கம் முப்பத்திரண்டு டிகிரி வேணும், மறுபக்கம் கொஞ்சம் கம்மி. அடியில சொதசொதன்னு இருக்கக் கூடாது. காத்து வந்து போகணும், ஆனா ஏசிக் காத்து மேல அடிக்கக் கூடாது. ஊசி நான் போடறேன். புகையில்லாத வீடா பாத்து வைங்க, இல்லேன்னா ஊசி வீண்."

புகையில்லாத வீடு! என் மாமியார் பெற்ற பிள்ளையை விட்டாலும் விடுவார், அகில் கட்டையை விடமாட்டார். ஒரே ஏசிக் குழாய் எல்லா அறைக்கும் அந்தப் புகையைப் பங்கு வைக்கும். எங்கள் மதிலுக்குள் புகை நுழையாத இடம் ஒன்றே ஒன்றுதான். லுல்வா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"உன் வீட்டுல எடம் இருக்கா?" என்று கடைசியில் நான்தான் கேட்டேன்.

தினமும் போய்ப் பார்த்தேன். "அபாயா அங்கிய வெளியவே கழட்டி மாட்டிட்டு வாங்க, புகை வாசம் தூக்குது" என்பாள் வாசலிலேயே. என் பாம்பைப் பார்க்க அவள் வீட்டு நைட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. கஹ்ரமான் அவள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கிடக்கும். விசில் குறைந்தது. நுரை நின்றது. ஒருநாள் எலியையும் கவ்வியது, அவள் கையால்தான்.

நுரையீரல் சுத்தமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று லுல்வா எல்லாவற்றையும் கட்டி வைத்திருந்தாள். விளக்கு, தண்ணீர்க் கிண்ணம், வெப்பமானி.

"உங்க பாம்பு, உம் நாசிர். கூட்டிட்டுப் போங்க. கூடத்துல மட்டும் வைக்காதீங்க."

நடிக்கிறாளா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது, ஆனாலும் கொடுக்கத்தான் நின்றாள். நடித்திருந்தால் பிடுங்கிக்கொண்டு போயிருப்பேன்.

பெட்டியைத் திறந்து கஹ்ரமானை எடுத்தேன். என் தோளில் ஏறியது. காதருகே தலையைக் கொண்டுவந்தது. மூச்சு விடுவது கேட்கவேயில்லை, அவ்வளவு சுத்தம். கூடத்துப் பெண்கள் அலறப்போவதை நினைத்தேன். போட்டோக்களை நினைத்தேன். முற்றத்துக்கு அந்தப் பக்கம் மாமியார் வேலைக்காரியிடம் தணல் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

தோளிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள்ளேயே விட்டேன். பொறாமை ஒரு துளிகூடக் குறையவில்லை, இன்னும்கூட ஏறியிருந்தது.

"என்ன மரமாட்டம் நிக்கிற?" என்று லுல்வாவை அதட்டினேன். "விளக்கத் திரும்ப மாட்டு. உன் பாம்பு குளிருல கெடக்குது."