இருவாழ்வித் தெரு

உலகத்தோர் அனைவரும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய செய்தி இது. மனிதகுலத்தின் பரிணாம வளர்ச்சியில் வெகுகாலமாக நின்றுபோயிருந்த ஒரு கட்டத்தை எங்கள் நகராட்சி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேநீர் வருவதற்கு முன்பாகவே தாண்டிவிட்டது. ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் தெருவை அது 'இருவாழ்விக் குடியிருப்பு' என்று அறிவித்தது.

இருவாழ்வி என்றால் நிலத்திலும் நீரிலும் வாழக்கூடியது. தவளை ஓர் உதாரணம். தையல்காரர் குடும்பம் இன்னோர் உதாரணம்.

பெரிய சாலையை உயர்த்திப் போட்டதிலிருந்து அந்தத் தெருவில் மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கிறது. வடிகால் வேண்டுமென்று தெருவே கேட்டது. பார்வையிட வந்த பொறியாளர் தையல்காரர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். தையல் மிஷின் மேசை மேல் ஏறியிருந்தது. படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவின் கட்டில், கால்களுக்கடியில் செங்கல் அடுக்கி உயர்ந்திருந்தது. வாசலிலிருந்து சமையல்கட்டு வரைக்கும் பலகைப் பாலம்.

"அட, பிரமாதமா பழகிட்டீங்களே" என்றார். மனதாரத்தான் பாராட்டினார்.

"பழகலீங்க சார். வேற வழியில்ல."

"அதுக்குப் பேர்தாங்க தகவமைப்பு."

பேர் வைப்பதில் அவர் கெட்டிக்காரர். தெருக்காரர்கள் அவருக்கு வைத்த பேர் அகராதி. இருவாழ்விகளுக்கு வடிகால் அவசியமில்லை, அது அவற்றின் வாழிடத்தைக் கெடுக்கும் என்று அகராதி எழுதிக் கொடுத்தார். நகராட்சியும் கைதட்டி ஏற்றுக்கொண்டது.

அப்பாவுக்கு முதுகில் படுக்கைப்புண். வீட்டில் ஈரம் காயாதவரை புண்ணும் ஆறாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். தையல்காரர் நடையாய் நடந்ததில், இன்னொரு முறை வந்து பார்ப்பதாக அகராதி இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார். வியாழன் பகலெல்லாம் மழை. சாயங்காலம் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது.

"நாளைக்கு அந்தாளு வர்றதுக்குள்ள செங்கல்லை எடுத்துடுங்க" என்றாள் மனைவி.

"எதுக்குடி?"

"மேல தூக்கி வச்சா பழகிட்டீங்கங்கிறான். நனைஞ்சு கெடந்தாத்தான் அவன் கண்ணுக்குத் தெரியும்."

"எங்கப்பாடி அவரு."

"எனக்கு மட்டும் யாராம்? தெனம் புண்ணைத் தொடைக்கிறது நானு. உங்க தங்கச்சியா பறந்து வந்து தொடைக்கிறா?"

கட்டிலிலிருந்துதான் பதில் வந்தது.

"எடுத்துடுப்பா. தவளைன்னு எழுதிட்டான். தவளைக்கென்ன மெத்தை?"

மறுநாள் காலை பலகைகளை உருவினார்கள். மிஷினைத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். கடைசியாக, புருஷன் கட்டிலைத் தாங்கிப் பிடிக்க, மனைவி ஒவ்வொரு காலாகச் செங்கல்லை எடுத்தாள். மெத்தை தண்ணீரைக் குடித்துக் கனத்தது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு, மருமகள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஜில்லுன்னுதாம்மா இருக்கு" என்றார்.

மூவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தையல்காரர் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டார். அதற்கென்று தனியாக முயற்சி எதுவும் தேவைப்படவில்லை.

உச்சி வெயில் ஏறியும் ஆளைக் காணாததால் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

தெருவில் தண்ணீர் நிற்பதால் பொறியாளர் இன்று வரமாட்டார் என்றார்கள்.