கீழ்த் தட்டுச் சேலை

…எரிந்து சாம்பலாவதற்கா ஒரு சேலையை நெய்கிறார்கள், எத்தனை பஞ்சு, எத்தனை பேர் கை, சாயத் தண்ணீர் ஓடி எத்தனை கிணறு கெட்டுப்போகிறது, அப்படி வந்ததை ஒரு பிணத்தின் மேல் அரை மணி நேரம் போர்த்திவிட்டுத் தூக்கிப் போட இந்தச் சனத்துக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ, இருபது வருசமாக எனக்கு விளங்காத விசயம், ஜீப்பு அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலையில் ஏறும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், மடியில் என் தங்கச்சி வேலுத்தாய்க்குப் போடவேண்டிய கோடிச் சேலையை வைத்துக்கொண்டு. மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பூப்பாறைப் பக்கம் அவள் புருசன் காசிராஜனுடைய ஏலத்தோட்டத்தில் நேற்றிலிருந்து கிடத்தி வைத்திருக்கிறார்கள், கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுச் சேலை வந்து விழாமல் எடுக்கமாட்டார்கள், பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் நான் ஒருத்தன்தான். அழவேண்டிய நேரத்தில் துணியைப் பற்றி யோசிக்கிறாயே கண்ணுச்சாமி, நீயெல்லாம் மனுசனா… மனுசன்தான், ஜவுளிக்கடைக்காரன்.

போடி பஜாரில் என் கடையைப் பற்றிக் கேட்டால் யாரும் ஒன்றுதான் சொல்வார்கள், ஒரு நூலைக்கூட வீணாக்காதவன் என்று. வெட்டுத்துணி மெத்தை தைப்பவனுக்கு, அட்டை பெட்டிக்கடைக்கு, சரி, அதெல்லாம் வெளியே தெரிந்தது. தெரியாதது வியாழக்கிழமை. ஒரு சாவுக்குப் பத்துப் பன்னிரண்டு கோடி விழும், சொந்தக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு போடுவார்கள், சிதையில் வைக்கும் முன்பு அத்தனையையும் உருவிவிடுவார்கள், அது சுடுகாட்டில் நிற்பவனுக்குச் சொந்தம். அவன் என்ன செய்வான், கந்தைக்குப் போடுவான். எழுபத்திரண்டில் எங்கள் ஊர்ச் சுடுகாட்டில் நின்ற ராக்கையாவைக் கூப்பிட்டுச் சொன்னேன், "கந்தைக்குப் போடாத, வெயாழக்கெழம பின்வாசலுக்குக் கொண்டா" என்று. அப்புறம் சிலமலையிலிருந்து, ராசிங்காபுரத்திலிருந்து, கடைசியில் மலையிலிருந்தும் ஜீப்பில் மூட்டை இறங்க ஆரம்பித்தது. தண்ணீர் காட்டக்கூடாது, கஞ்சி போய்விட்டால் புதுசு போய்விடும். வெயில், இஸ்திரி, கறை உள்ளே போகிற மாதிரி மடிப்பு, மேலே ஒரு காகிதப் பட்டை, பிறகு கடையின் கீழ்த் தட்டில், புதுசு விலைக்கு. சாவு வீட்டுக் கேதத்துக்குத் துணி எடுக்க வருகிறவன் விரித்துப் பார்க்கமாட்டான், அழுதுகொண்டிருப்பான், இல்லையென்றால் பஸ்சுக்கு அவசரம். இதைக் கண்டுபிடித்தவன் நான். மில்லெல்லாம் பூட்டிக் கிடந்த வருசத்தில் பஜாரே காற்று வாங்கியபோது என் கடையில் மட்டும் துணி இருந்தது. கல்யாணத்துக்கு வந்தவனுக்கு ஒருநாளும் கீழ்த் தட்டிலிருந்து கொடுத்ததில்லை, அந்த யோக்கியம் எனக்கு உண்டு. பிணத்துக்கு என்ன தெரியும்?

எதிரில் உட்கார்ந்திருந்த ராக்கு, ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களோடு ஏறியவள், வேலுத்தாயின் தோட்டத்தில் பத்து வருசம் சோலி பார்த்தவள், மூக்கைச் சிந்திவிட்டு என் மடியைப் பார்த்தாள். "அண்ணே, பொறந்த வீட்டுச் சேல, நல்லதா எடுத்தீகளா? என்ன கலரு?" என்ன கலரா… எனக்கே தெரியவில்லை. விடிந்ததும் தந்தி வந்தது, கடையைத் திறந்தேன், விற்பனைக்கு நிற்கும் மொக்கையனிடம், "கேதத்துக்கு ஒரு சேல கட்றா, வெரசா" என்றேன். யார் என்று சொல்லவில்லை. அவன் குனிந்தான். அதைப் பார்த்தேனே, அவன் இடுப்பு வளைந்ததைப் பார்த்தேன், மேல் தட்டுக்கு எதற்குக் குனிய வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை, தந்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் தோன்றுகிறது. சேலையைச் சுற்றியிருந்த செய்தித்தாளை ஒரு ஓரமாகக் கிழித்தேன், அரக்கு நிறம். "அரக்கு" என்றேன். "அதுக்குப் புடிச்ச கலருண்ணே" என்று ராக்கு மறுபடி அழுதாள். பட்டை புதுசு. விரலை மடிப்புக்குள் விட்டேன், முந்தானை முனையில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது, ஒரு முடிச்சு, சின்னது, நெல்லிக்காயளவு.

எனக்கு அந்த முடிச்சைத் தெரியும். அரக்கில் பச்சைக்கரைச் சின்னாளபட்டிச் சேலை ஆயிரம் வரும் போகும், முடிச்சு ஒன்றுதான். போன வருசம் அன்னக்கொடி செத்தபோது, வேலுத்தாயின் ஒரே மகள், சிலமலையில் கட்டிக்கொடுத்த பிள்ளை, பிரசவத்தில் போனாள், அன்றைக்கு வேலுத்தாய் காசிராஜனோடு மலையிலிருந்து நேரே என் கடைக்குத்தான் வந்தாள், அழாமல் நின்று ஒவ்வொரு சேலையாக விரிக்கச் சொல்லி, கரையை மோந்து பார்த்து, இதுதான் என்று எடுத்தாள். மேல் தட்டுச் சேலை, புதுசு, பொய் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஏலக்காய் என்றால் உயிர், எந்நேரமும் வாயில் கிடக்கும், அதனால் தோட்டத்துக் காய் மூன்றை முந்தானையில் முடிந்தாள். நான் பக்கத்தில் நின்று என்ன சொன்னேன்? "எரியப்போற துணிக்கு எதுக்காத்தா முடிச்சு?" என்றேன். சுடுகாட்டுக்குப் பெண்கள் வருவதில்லை, அவளுக்குத் தெரியாது, நான் எரியாது என்று தெரிந்தே சொன்னேன். நல்ல சேலை, ஒரு வாரத்தில் திரும்பி வரும் என்று மனசு அப்போதே மடித்து வைத்துவிட்டது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "அவளோட போகட்டும்ணே" என்றாள், அவ்வளவுதான்.

போகவில்லை. ஒரு வருசத்தில் அது எத்தனை பேர் மேல் கிடந்து எழுந்ததோ, பொட்டிபுரத்துக் கிழவி ஒருத்திக்கு ஒரு அரக்கு போனது ஞாபகம் இருக்கிறது, இதுதானா… மொக்கையன் இஸ்திரி போடும்போது முடிச்சைப் பார்க்காமலா இருந்திருப்பான்? அவன் அம்மா செத்தபோது நானே கொண்டுபோய்ப் போட்டது எந்தத் தட்டு என்று அவனுக்குத் தெரியும், அன்றைக்கு அவன் என் கையைப் பார்த்தான், சேலையைப் பார்க்கவில்லை, மறுநாள் காலையில் வந்து கடையைக் கூட்டினான். இன்றைக்கு என் கையில் தந்தியைப் பார்த்தானா? பழக்கத்தில் குனிந்தானா, தெரிந்தே குனிந்தானா? திரும்பிப் போகலாம் என்றால் மேலே பிணம் காத்திருக்கிறது, போடிமெட்டில் டீக்கடை உண்டு, துணிக்கடை கிடையாது. முடிச்சோடு கொடுத்தால் காசிராஜனுக்குத் தெரிந்துவிடும், அவன் மகளுக்கு முடிந்தது, பக்கத்தில் நின்றவன்.  பெண்கள் பக்கம் முதுகைத் திருப்பி, மடிக்குள்ளேயே நகத்தாலும், குனிந்து பல்லாலும் அவிழ்த்தேன். மூன்று காய் உள்ளங்கையில் விழுந்தது, பச்சை வெளுத்துப் போயிருந்தாலும் வாசம் போகவில்லை. "வளைவுல கொமட்டுதாண்ணே? ஏலக்கா இருந்தா வாயில போடுங்க" என்றாள் ராக்கு. வெளியே எறிந்திருக்கலாம். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், வாயில் போட்டுக்கொண்டேன்.

சேலையை நான்தான் போர்த்தினேன். வேலுத்தாய் சின்னதாகக் கிடந்தாள், கன்னம் ஒட்டிப்போய், எப்போது இப்படி ஆனாள், ஒரு வருசமாக வந்து பார்த்தேனா நான்? காசிராஜன் கரையைத் தடவி, "அன்னக்கொடிக்கும் இதே அரக்குதான் எடுத்தா, ஞாபகம் வச்சு எடுத்தாந்துருக்கீகளே மச்சான்" என்று என் தோளில் சாய்ந்து அழுதான். நானும் அழுதேன், பொய்யழுகை இல்லை, சத்தியமாக இல்லை, ஆனால் நாக்குக்கடியில் காய் கரைந்துகொண்டிருந்தது. தோட்டத்துச் சரிவில் விறகு அடுக்கியிருந்தார்கள். சுடுகாட்டுக்காரன் ஒவ்வொரு கோடியாக உருவினான். இதை மட்டும் விடுங்கள், இது அவளோடு போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் கேட்பார்களே, ஏன் மச்சான், மத்ததெல்லாம் எங்கே போகிறது என்று கேட்பார்களே.  சுடுகாட்டுக்காரன் அரக்குச் சேலையையும் உருவிப் பாறைமேல் போட்டு அவசரமாக மடித்தான், முடிச்சு அவிழ்ந்த முனை கசங்கல் தெரிய வெளியே கிடந்தது, அப்படி மடிக்கக்கூடாது. என் கை போயிற்று, நான் அனுப்பவில்லை, அதுவாகவே போய் முனையை உள்ளே தள்ளி, கரையோடு கரை சேர்த்து நீவி, கறை உள்ளே போகிற மாதிரி நான்காக மடித்து வைத்தது. நிமிர்ந்தபோது சுடுகாட்டுக்காரன் ஒதுங்கி நின்றிருந்தான். காசிராஜன் அழுகையை நிறுத்தியிருந்தான், என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மொக்கையனும் அன்றைக்கு இதே மாதிரிதான் பார்த்தான். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, பின்வாசலில் மூட்டை இறங்க இன்னும் இரண்டு நாள்.