லைல் வாயை மூடிய காலை

ஏரியைப் படம் எடுக்க ஆர்டிஸ் ஒரு மாதமாக அந்தக் காலைக்காகக் காத்திருந்தாள். ஹால்வர் ஏரி கரையிலிருந்து உறைந்துகொண்டே வந்து, ஊற்று இருக்கும் இடத்தில் மட்டும் தண்ணீர் தெரிய வேண்டும். காற்று அசையக் கூடாது. பனி பொழிந்துகொண்டிருக்க வேண்டும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்குச் சனி ஞாயிறை விட்டால் வேறு விடியல் இல்லை. டிசம்பர் முதல் சனிக்கிழமை எல்லாம் கூடிவந்தது. தம்பி லைலும் கூடவே வந்தான்.

லைலின் மனைவி பிரிந்துபோய் ஆறு வாரம் கழித்து அவன் ஒரு கேமரா வாங்கியிருந்தான். அதன் லென்ஸ் முழங்கை நீளம். அன்றுமுதல் அக்கா எந்த ஏரிக்குப் போனாலும் அவனும் வந்தான். வந்தால் பேசினான். குழாய்க் கடையில் வந்த வாடிக்கையாளர், முழங்கால் வலி, லென்ஸை எப்படித் துடைப்பது என்று யாரோ சொன்னது என்று எதையாவது பேசிக்கொண்டே இருந்தான்.

அன்று வண்டியை நிறுத்தியதும் கதவை அறைந்து சாத்தினான். தண்ணீரில் இருந்த மஞ்சள் கண் வாத்துகள் பன்னிரண்டும் எழும்பிப் போயின. ஆர்டிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு முக்காலியை விரித்தாள். வாத்துகள் போனால் போகட்டும். கரையில் ஒரு காலடிகூடப் படாத பனி, அதற்கப்பால் கறுப்புத் தண்ணீர், அதற்கும் அப்பால் மங்கலாகத் தேவதாரு வரிசை. அது போதும். அவள் குவியத்தைச் சரிசெய்து நிமிர்வதற்குள், ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டோடு லைல் அந்தப் பனியின் குறுக்கே நடந்து போய்ப் படச் சட்டத்தின் நட்டநடுவில் நின்றான்.

"அக்கா, இங்க வந்து பாரேன். இங்கேர்ந்துதான் அழகா தெரியுது."

"தெரியும்டா. நீ நிக்காம இருந்தா இங்கேர்ந்தும் தெரியும்."

திரும்பி வந்தவன் வந்த தடத்திலேயே வரக் கூடாதா? பக்கத்தில் இன்னொரு தடம் போட்டுக்கொண்டு வந்தான். ஆர்டிஸ் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நூறு அடி தள்ளிப் போனாள். அங்கே போன பிறகுதான் அந்தப் பறவையைப் பார்த்தாள்.

அது ஒரு லூன்; முங்கி மீன் பிடிக்கும், ஓநாய் மாதிரி ஊளையிடும் நீர்ப்பறவை. இந்த வருஷத்துக் குஞ்சு. சாம்பல் நிறம் இன்னும் மாறவில்லை. தாய் தகப்பன் எல்லாம் அக்டோபரிலேயே தெற்கே போய்விட்டிருக்கும். வாத்துகளைப் போலச் சட்டென்று லூனால் எழும்ப முடியாது. தண்ணீர்மேல் வெகுதூரம் ஓடினால்தான் உடம்பு மேலே வரும். இதற்கு மிஞ்சியிருந்த தண்ணீரோ இரண்டு பேருந்து நிற்கிற அளவு. பனிக்கட்டியின் விளிம்பில் ஒரு கழுகு உட்கார்ந்திருந்தது. அதற்கு அவசரமே இல்லை.

ஆர்டிஸ் பதினொரு படம் எடுத்தாள். பத்து வருஷத்தில் அவளுக்கு அப்படி ஒரு காட்சி அமைந்ததில்லை.

"அது சாகப்போகுது. நீ படம் புடிச்சிட்டிருக்க" என்றான் லைல்.

அவளுக்குச் சுருக்கென்றது. போனை எடுத்துக் காயப்பட்ட பறவைகளைப் பார்க்கும் அமைப்பை அழைத்தாள். எதிர்முனைப் பெண் ஊரையும் ஏரியையும் எழுதிக்கொண்டு, ஆட்கள் வேறொரு ஏரிக்குப் போயிருக்கிறார்கள், பிற்பகலுக்கு முன் வர முடியாது, நீங்கள் தயவுசெய்து பனிக்கட்டியில் கால் வைக்காதீர்கள் என்றாள். ஆர்டிஸ் போனை வைத்துவிட்டுத் திரும்பினால், யாரோ கவிழ்த்து வைத்திருந்த அலுமினியப் படகை லைல் இழுத்துக்கொண்டிருந்தான்.

"அது யாரு படகு?"

"யாராச்சும் வந்து கேட்டா சொல்லிக்கலாம்."

"ரெண்டு அங்குல ஐஸ்டா. நீ நூத்திப்பத்து கிலோ இருக்க."

"அதுக்குத்தான படகு. அதைப் புடிச்சுத் தள்ளிட்டே போவேன். ஐஸ் உடைஞ்சா படகுக்குள்ள விழுந்துடுவேன். நீ கயித்தைப் புடிச்சுக்க, போதும்."

அவன் சொன்னது சரி என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. உயிர்காப்புச் சட்டை, மீன்வலை எல்லாம் அவன் வண்டியிலேயே கிடந்தன. இருந்த கயிறுகளை எல்லாம் முடிந்து நீளமாக்கினார்கள். இந்தக் குளிரில் என்னை ஒரு சவத்தை இழுக்க வைத்துவிடாதே என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

தண்ணீருக்குப் பத்தடி இருக்கும்போது பனிக்கட்டி உடைந்தது. ஒரு கால் தொடைவரை உள்ளே போக, லைல் படகுக்குள் உருண்டு விழுந்தான். அவன் போட்ட வசவில் கழுகு எழும்பிப் போயிற்று. துடுப்பால் உடைத்து உடைத்துப் படகைத் தண்ணீரில் சேர்த்தான். லூன் முங்கி எதிர்ப்பக்கம் தலை நீட்டியது. லைல் வலையைத் தண்ணீருக்குள் இறக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அப்புறம் அவன் அசையவே இல்லை.

பறவை முங்கியது, எழுந்தது, தூரமாகவே எழுந்தது. ஆரஞ்சுக் கோட்டின் தோள்களில் பனி சேர்ந்தது. பத்து நிமிடம் போயிற்று. இருபது போயிற்று. ஆர்டிஸுக்கு விரல்கள் மரத்தன. அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. நனைந்த காலோடு விறைத்துப் போய்விட்டானோ? கூப்பிட்டால் பறவை மிரண்டு எல்லாம் வீணாகிவிடும். ஏதாவது பேசித் தொலையேன்டா என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

அரை மணி நேரம் ஆனபோது லூன் படகை ஒட்டி எழுந்தது. வலை மேலே வந்தது. படகு ஆடியது, தண்ணீர் தெறித்தது. பிறகு ரத்தம் வழியும் முகத்தோடு லைல் திரும்பி, "இழு" என்றான். பறவை அவன் முகவாயைக் குத்திக் கிழித்திருந்தது.

கரைக்கு வர கால் மணி நேரம் ஆயிற்று. பறவையைத் தன் மாற்றுக் கோட்டில் சுற்றி, வண்டியில் கிடந்த துணிக்கூடையில் வைத்துவிட்டு, ஆர்டிஸ் அந்தப் பெண்ணை மறுபடி அழைத்தாள். முதலில் திட்டுதான் கிடைத்தது. பிறகு இறக்கை, கால், தூண்டில் நரம்பு ஏதும் சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, நன்றாக இருந்தால் நேரே சுப்பீரியர் ஏரிக்குக் கொண்டுபோய் விடுங்கள், அது இன்னும் உறையவில்லை என்றாள்.

ஒரு மணி நேரப் பயணம். லைல் ஈரக் கால்சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, முகவாயில் காகிதத் துண்டை அழுத்தியபடியே பேசிக்கொண்டு வந்தான். பின்னால் லூன் ஊளையிட்டது. இரண்டில் எது மோசம் என்று ஆர்டிஸால் சொல்ல முடியவில்லை.

கூழாங்கல் கரையில் அவள் கோட்டைப் பிரித்தாள். பறவை தண்ணீரில் இறங்கிக் கொஞ்சம் மிதந்தது. தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தது. பிறகு முங்கியது. வெகுநேரம் கழித்து, இருவரும் பார்த்துக்கொண்டிராத ஒரு பக்கத்தில், வெகுதூரத்தில் எழுந்து சிறகை உதறிக்கொண்டது.

"அரை மணி நேரம் வாயைத் தொறக்காம உக்காரத் தெரியுதுல்ல உனக்கு?" என்றாள் ஆர்டிஸ். "அப்ப இந்த ரெண்டு மாசமா ஏன்டா என் உயிரை எடுத்த?"

லைல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "வீட்ல நாள் பூரா சும்மாதானக்கா உக்காந்திருக்கேன். உன்னப் பாத்தாதான் பேசவே வருது."

ஆர்டிஸுக்குக் கோபம் அப்படியேதான் இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. கம்பளி அவிழுது பார், இழுத்துச் சொருகு என்று மட்டும் சொன்னாள்.

மருத்துவமனையில் இரண்டு தையல் போட வேண்டியிருந்தது. லைல் நர்ஸிடம் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தான். கழுகு மூன்றாகிவிட்டது. அரை மணி ஒரு மணியாயிற்று. இல்லை, ஒரே கழுகுதான் என்று ஆர்டிஸ் நாற்காலியிலிருந்தபடியே திருத்திக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, தாடையை ஆட்டாதீர்கள் என்று மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.